உயிரணுவின் காவலும் இன்புளுயென்சாவின் தந்திரமும்

1957-ஆம் ஆண்டு இரு காரணங்களால் இன்புளுயென்சாவின் வரலாற்றில் நிலைத்த இடம் பெற்றுள்ளது. அவ்வாண்டு மே மாதத்தில், சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த பயணிக் கப்பல் ஒன்றின் வழியாக, ஆசியக் காய்ச்சல் எனப்பட்ட புதுவகை இன்புளுயென்சா இந்தியாவினுள் நுழைந்தது. 1958-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்துக்குள் நம் நாட்டில் 44 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்நோய்க்கு ஆளானதாகப் பதிவாயிற்று. குன்னூரிலுள்ள பாஸ்டர் நிலையத்தில் இயங்கிய இன்புளுயென்சா மையம் அப்புதிய வைரஸை ஆராயும் பணியில் ஈடுபட்டது.

அதே ஆண்டில் லண்டன் மாநகரின் மில் ஹில் பகுதியில் இருந்த தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில், அலிக் ஐசக்ஸ், ஜீன் லிண்டன்மன் என்னும் இரு விஞ்ஞானிகள் எளிய பரிசோதனை ஒன்றைச் செய்தனர். வெப்பத்தால் செயலிழக்கச் செய்த இன்புளுயென்சா வைரஸைக் கோழிமுட்டையின் கருச்சவ்வுத் துண்டுகளுடன் சேர்த்து வைத்தனர். அத்துண்டுகள் ஏதோ ஒரு பொருளைச் சுரந்தன. அப்பொருள் கலந்த திரவத்தில் வேறு சவ்வுத் துண்டுகளை ஊறவைத்து, அதன்பின் உயிருள்ள வைரஸை அவற்றின்மீது விட்டபோது, வைரஸ் அவற்றில் பெருக இயலவில்லை. வைரஸின் பெருக்கத்தில் குறுக்கிடும் பொருள் என்னும் கருத்துப்பட அதற்கு இன்டர்பெரான் என்று பெயரிட்டனர். ஜப்பானிய விஞ்ஞானிகளான நாகானோவும் கோஜிமாவும் 1954-ஆம் ஆண்டிலேயே இத்தகைய தடுப்புப் பொருள் ஒன்றை முயலின் தோலில் கண்டிருந்தனர் என்பதையும் இங்குச் சொல்லுதல் முறையாகும்.

இவ்விரு செய்திகளையும் அடுத்தடுத்து வைத்து நோக்குவோர்க்கு ஒரு வினா எழும். வைரஸைத் தடுக்கும் இத்தகைய வல்லமை வாய்ந்த பொருளை நம் உயிரணுக்கள் தாமே உற்பத்தி செய்துகொள்ளுமாயின், இன்புளுயென்சா எவ்வாறு ஆண்டுதோறும் உலகெங்கும் பரவுகிறது? ஆண்டொன்றுக்கு 2 இலட்சத்து 90 ஆயிரம் முதல் 6 இலட்சத்து 50 ஆயிரம் பேர் வரை அதனால் விளையும் சுவாச நோய்களுக்குப் பலியாவதாக உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிடுவானேன்? வினாவுக்கான விடை ஐசக்ஸ், லிண்டன்மன் ஆகியோரின் பரிசோதனையிலேயே மறைந்திருந்தது. அவர்கள் பயன்படுத்தியது செயலிழந்த வைரஸ். உயிருள்ள வைரஸோ இன்டர்பெரான் உற்பத்தியைப் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. காவலை எதிர்த்துப் போரிடுவதைக் காட்டிலும், காவலன் குரல் எழுப்பாதவாறு செய்வதே இவ்வைரஸின் வழி.

இதனை விளக்குவதோடு நில்லாமல், இதிலிருந்து பெற வேண்டிய ஒரு முடிவையும் வாசகர்முன் வைப்பது இக்கட்டுரையின் நோக்கம். இன்புளுயென்சாவைக் கண்காணிக்கும் நாம் இதுகாறும் அதன் மேலாடையையே பெரிதும் நோக்கி வந்துள்ளோம். அதன் உள்ளே இருக்கும் தந்திரக் கருவிகளையும் அதே அளவு கருத்துடன் நோக்கவேண்டிய காலம் வந்துவிட்டது என்பதே எமது அபிப்பிராயம்.

உயிரணுவின் அபாய அறிவிப்பு

இன்புளுயென்சா வைரஸின் பாரம்பரியப் பொருள் ஆர்.என்.ஏ. எனப்படும் அமிலத்தால் ஆனது. அது ஒரே இழையாக இராமல் 8 துண்டுகளாகப் பிரிந்துள்ளது. எட்டையும் சேர்த்து எண்ணினால் அதன் எழுத்துகள் ஏறத்தாழ 13,500 மட்டுமே. இச்சிறு நூலைக்கொண்டு அது நம் மூச்சுக்குழலின் உயிரணுவுக்குள் புகுந்து, ஏறத்தாழ 6 முதல் 8 மணி நேரத்துக்குள் புதிய வைரஸ்களை வெளிவிடத் தொடங்குகிறது.

உயிரணுவும் ஏமாளியன்று. தன்னுடைய ஆர்.என்.ஏ. செய்திகளின் முனையில் அது ஒருவகைத் தொப்பியை அணிவித்து அனுப்புகிறது. வைரஸின் ஆர்.என்.ஏ. துண்டுகளின் முனையிலோ தொப்பி இல்லை. மூன்று பாஸ்பேட்டுகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. மேலும், அத்துண்டின் இரு முனைகளும் ஒன்றோடொன்று இணைந்து ஈரிழைபோல் தோன்றும். 2004-ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக்காட்டிய ரிக்-ஐ என்னும் புரதம் இந்த அடையாளங்களைக் கண்டுகொள்ளும் காவலனாகும். தொப்பியற்ற அன்னிய முனையைத் தொட்டவுடன் ரிக்-ஐ தன் உருவத்தை மாற்றிக்கொள்கிறது. மைட்டோகாண்டிரியாவின் மேற்பரப்பிலுள்ள மாவ்ஸ் என்ற புரதத்துக்குச் செய்தி சொல்கிறது. அச்செய்தி உட்கருவை எட்டியதும் இன்டர்பெரான் ஜீன் விழித்தெழுகிறது.

இன்டர்பெரான் வைரஸை நேரடியாகக் கொல்வதில்லை. ஊர் எல்லையில் ஒருவன் தமுக்கடித்தால் உள்ளூரார் கதவுகளைத் தாழிட்டுக்கொள்வதுபோல, அது அக்கம்பக்கத்து உயிரணுக்களை எச்சரிக்கிறது. எச்சரிக்கை பெற்ற ஒவ்வோர் உயிரணுவிலும் சில நூறு ஜீன்கள் செயற்படத் தொடங்குகின்றன. அவற்றால் உண்டாகும் புரதங்களுள் ஒன்று புரத உற்பத்தியையே நிறுத்திவைக்கிறது, இன்னொன்று ஆர்.என்.ஏ.யைத் துண்டாக்கும் நொதியை ஏவுகிறது; வேறொன்று வைரஸ் உள்ளே நுழையும் வாயிலிலேயே அதனைச் சிறைப்படுத்துகிறது. எம்.எக்ஸ். எனப்படும் புரதம் வைரஸின் உட்பொருளைப் பற்றிக்கொண்டு அதனைச் செயலற்றதாக்குகிறது. இந்த எம்.எக்ஸ். வரலாற்றிலும் லிண்டன்மனின் பெயர் உண்டு. இன்புளுயென்சாவுக்கு அசையாத ஒரு சுண்டெலி இனத்தை 1962-ஆம் ஆண்டில் அவர் எடுத்துக்காட்டியதே அதன் தொடக்கமாகும்.

வைரஸின் உபாயங்கள்

இத்தனை ஏற்பாடுகளையும் இன்புளுயென்சா எவ்வாறு கடக்கிறது? அதன் முதல் உபாயம் மறைவிடம். ஆர்.என்.ஏ. வைரஸ்களுள் பெரும்பாலானவை உயிரணுவின் சைட்டோபிளாசத்தில் பெருக, இன்புளுயென்சா உட்கருவினுள் சென்று பெருகுகிறது. காவலனாகிய ரிக்-ஐ பெரும்பாலும் நடமாடுவதோ வெளியே.

இரண்டாம் உபாயம் திருட்டு. உயிரணுவின் செய்திகளிலிருந்து தொப்பியோடு கூடிய முனையை வெட்டியெடுத்து, வைரஸ் தன்னுடைய செய்திகளுக்குச் சூட்டிக்கொள்கிறது. இதனால் அன்னியச் செய்தி உள்நாட்டுச் செய்திபோல் உலவுகிறது. உயிரணுவின் செய்தியோ தலை இழந்து அழிகிறது. இத்திருட்டைத் தடுக்கும் பலாக்சவிர் என்னும் மருந்து 2018-ஆம் ஆண்டில் ஜப்பானில் அனுமதிக்கப்பட்டது என்பது, இத்தகைய அடிப்படை அறிவு மருத்துவமனைக்கு எவ்வளவு பயன்படும் என்பதற்குச் சான்று.

மூன்றாவதும் தலையாயதுமான உபாயம் என்.எஸ்.1 என்னும் புரதம். வைரஸின் 8-ஆம் துண்டு, அதாவது யாவற்றினும் சிறிய துண்டு, இதனை உண்டாக்குகிறது. ஏறத்தாழ 230 அமினோ அமிலங்களைக் கொண்ட இப்புரதம் வைரஸின் உடலைக் கட்டுவதற்கு உதவுவதன்று. அதன் பணி முழுவதும் உயிரணுவை மயக்குவதே. அது ஈரிழை ஆர்.என்.ஏ.யைத் தானே பற்றிக்கொண்டு காவலரின் பார்வையிலிருந்து மறைக்கிறது. ரிக்-ஐயை ஊக்குவிக்கும் ட்ரிம்-25 என்ற புரதத்தைப் பிடித்து வைப்பது 2009-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அதற்கு முன்னரே, 1998-ஆம் ஆண்டில், உயிரணுவின் செய்திகளைச் செப்பனிட்டு முடிக்கும் புரதம் ஒன்றை என்.எஸ்.1 கட்டிப்போடுவது தெரியவந்தது. அங்ஙனம் கட்டிப்போட்டால் இன்டர்பெரானுக்கான செய்தி எழுதப்பட்டாலும் முற்றுப்பெறாமல் உட்கருவிலேயே தங்கிவிடும். புரத உற்பத்தியை நிறுத்தும் காவல் நொதியையும் அது அடக்கிவைக்கிறது. ஒரே புரதம் இத்தனை வாயில்களில் நின்று வேலை செய்வது வியப்புக்குரியது.

இவையன்றித் துணைக் கருவிகளும் உள்ளன. 2001-ஆம் ஆண்டில் அறியப்பட்ட பி.பி.1-எஃப்.2 என்னும் சிறு புரதம் மைட்டோகாண்டிரியாவில் அமர்ந்து அபாயச் செய்தியைக் குலைக்கிறது. 2012-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட பி.ஏ.-எக்ஸ். என்னும் புரதம் உயிரணுவின் செய்திகளை வெட்டி அழிக்கிறது.

இவ்வளவும் சோதனைக்குழாயின் கற்பனை அல்லவென்பதற்குத் தெளிவான சான்றுகள் உண்டு. 1998-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும் ஆஸ்திரியாவிலும் இருந்த ஆராய்ச்சியாளர்கள் என்.எஸ்.1 அறவே இல்லாத இன்புளுயென்சா வைரஸ் ஒன்றை உருவாக்கினர். சாதாரண எலிகளில் அவ்வைரஸ் நோய் உண்டாக்க இயலாது தளர்ந்தது. ஆனால், இன்டர்பெரானின் கட்டளையைக் கேட்க இயலாதவாறு ஒரு ஜீன் நீக்கப்பட்ட எலிகளில் அதே வைரஸ் நன்கு பெருகிற்று, அவ்வெலிகள் மாண்டன. காவல் இல்லாத வீட்டில் திருடனுக்குத் தந்திரம் தேவையில்லை என்பது இதனால் விளங்கிற்று.

மனிதரிடத்தும் இதனை இயற்கையே காட்டியுள்ளது. 2015-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், கடுமையான இன்புளுயென்சாவுக்கு ஆளான ஒரு குழந்தையின் ஐ.ஆர்.எஃப்.7 என்னும் ஜீனின் இரு பிரதிகளும் பழுதுற்றிருந்ததாகக் கண்டனர். இன்டர்பெரானைப் பெருக்கும் பணி அந்த ஜீனுக்கு உரியது. பிற குழந்தைகளுக்குச் சில நாட் காய்ச்சலோடு போகும் நோய், அபாய அறிவிப்பு இயங்காத அக்குழந்தைக்கு உயிரை அச்சுறுத்தும் நோயாயிற்று.

காலமே தீர்ப்பளிக்கிறது

வைரஸ் தன் தந்திரத்தால் பெறுவது நிரந்தர வெற்றியன்று. சிறிது கால அவகாசமே. முதல் ஓரிரு நாட்களில் தமுக்கின் ஒலி எழாதிருந்தால் போதும். அதற்குள் வைரஸ் இலட்சக்கணக்கில் பெருகி அடுத்தவருக்கும் பரவிவிடும். 2019-ஆம் ஆண்டில் உயிரணுக்களை ஒவ்வொன்றாகப் பிரித்து ஆராய்ந்தபோது, தொற்றுக்கு உள்ளான உயிரணுக்களுள் மிகச் சிலவே இன்டர்பெரானை உற்பத்தி செய்யத் தொடங்குவதாகக் கண்டனர். அச்சிலவே நம்மைப் பெரும்பாலும் காக்கின்றன.

காலந்தாழ்ந்த அறிவிப்போ வேறு வகையில் தீங்கு செய்யும். வைரஸ் நுரையீரலெங்கும் பரவிய பின்னர் எழும் எதிர்ப்பு, பகைவரோடு குடிமக்களையும் தாக்கும் சேனைபோல, நுரையீரலின் மென்மையான சுவர்களைச் சிதைக்கிறது. 1918-ஆம் ஆண்டில் பம்பாயில் தொடங்கி நாடெங்கும் பரவிய கொள்ளைநோயில் இந்தியாவில் மட்டும் 1 கோடி 20 இலட்சம் முதல் 1 கோடி 80 இலட்சம் பேர் வரை மாண்டதாகப் பலவாறு மதிப்பிடுவர். மாண்டவருள் வயது வந்த இளைஞர்கள் மிகுதியாக இருந்தனர். அவ்வைரஸின் பாரம்பரியப் பொருள் பிற்காலத்தில் பாதுகாத்து வைத்திருந்த உடற்பகுதிகளிலிருந்து மீட்டெடுக்கப்பட்டது. அதன் என்.எஸ்.1 ஜீனை வேறொரு வைரஸில் பொருத்தி மனித நுரையீரல் உயிரணுக்களில் சோதித்தபோது, இன்டர்பெரான் ஏவும் ஜீன்களை அது திறம்பட அடக்கியதாக 2002-ஆம் ஆண்டில் அறிவித்தனர். பசியும் மருத்துவ வசதியின்மையும் அப்பெருஞ்சாவுக்குக் காரணங்களாக இருந்தன என்பதில் ஐயமில்லை. எனினும் வைரஸின் உள்ளமைப்பும் அக்காரணங்களோடு வைத்து எண்ணத்தக்கதே.

ஆடை மாறிற்று; அறிவு மாறவில்லை

இன்புளுயென்சா வைரஸின் மேற்பரப்பில் எச்., என். என்னும் எழுத்துகளால் குறிக்கப்படும் இரு புரதங்கள் உள்ளன. எச்1என்1, எச்3என்2, எச்5என்1 என்னும் பெயர்கள் அவற்றால் அமைந்தவை. நம் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருள்கள் இவற்றையே முதன்மையாகப் பற்றுகின்றன. ஆகவே தடுப்பூசியும் இவற்றையொட்டியே அமைகிறது. உலக சுகாதார ஸ்தாபனம் 1952-ஆம் ஆண்டு முதல் நடத்திவரும் கண்காணிப்பு அமைப்பு, ஆண்டுக்கு இருமுறை கூடி, எந்த மேலாடையுடைய வைரஸ்களைத் தடுப்பூசியில் சேர்ப்பது என்று பரிந்துரைக்கிறது. இப்பணியின் பெருமையைக் குறைத்துக் கூறுவது எமது கருத்தன்று.

ஆயினும் 1957-ஆம் ஆண்டு வைரஸின் பிறப்பை ஆராய்ந்தால் ஒரு பாடம் கிடைக்கிறது. அது பறவை வைரஸிலிருந்து மூன்று துண்டுகளைப் பெற்றது: மேற்பரப்புப் புரதங்கள் இரண்டுக்கும் உரியவை, மற்றும் நகலெடுக்கும் நொதியின் ஒரு பகுதிக்குரியது. எஞ்சிய ஐந்து துண்டுகளும் 1918-ஆம் ஆண்டு முதல் மனிதரிடத்தே உலவிவந்த வைரஸின் வழித்தோன்றல்கள். என்.எஸ்.1 இருக்கும் 8-ஆம் துண்டும் அவற்றுள் ஒன்று. 1968-ஆம் ஆண்டில் ஹாங்காங் காய்ச்சல் தோன்றியபோதும் அத்துண்டு மாறவில்லை. இன்று நம்மிடையே உலவும் எச்3என்2 வைரஸிலும் அதன் சந்ததியே இருக்கிறது. மேலாடை இருமுறை மாறியும், மனித உயிரணுவை மயக்கக் கற்ற பழைய அறிவு தலைமுறை தலைமுறையாகக் கைவிடப்படவில்லை.

2009-ஆம் ஆண்டில் பன்றிகளிடமிருந்து வந்த எச்1என்1 வைரஸின் கதை இதனை மேலும் உறுதிப்படுத்துகிறது. அதன் என்.எஸ்.1, மனித உயிரணுவின் செய்திகளைச் செப்பனிடும் புரதத்தைக் கட்டிப்போட இயலாததாக இருந்தது. அடுத்துவந்த ஆண்டுகளில் அவ்வைரஸ் மனிதரிடையே உலவ உலவ, அப்புரதத்தில் ஆறு மாற்றங்கள் படிந்தன. அவற்றால் இழந்த ஆற்றலை அது மீண்டும் பெற்றுவிட்டதாக 2017-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டிற்று. நம் கண்ணெதிரே, நம் உடல்களிலேயே, வைரஸ் பாடம் படித்துத் தேர்ந்தது. மேலாடையை மட்டும் நோக்கியவர்க்கு இத்தேர்ச்சி தெரிந்திராது.

பறவைகளிலிருந்து மனிதருக்குத் தாவுவதற்கும் இத்தகைய உள்மாற்றங்கள் தேவைப்படுகின்றன. 1918, 2009 ஆகிய ஆண்டுகளின் வைரஸ்கள் மனித எம்.எக்ஸ். புரதத்தின் பிடிக்குத் தப்பும் மாற்றங்களைத் தம் உட்புரதமாகிய என்.பி.யில் பெற்றிருந்தன என்று 2013-ஆம் ஆண்டில் நிறுவினர். பி.டி.என்.3ஏ3 என்னும் மற்றொரு மனிதப் புரதம் பெரும்பாலான பறவை வைரஸ்களைத் தடுப்பதாகவும், மனிதரிடையே நிலைபெற்ற வைரஸ்கள் அத்தடையைத் தாண்டும் மாற்றத்தை அதே என்.பி. புரதத்தில் பெற்றிருப்பதாகவும் 2023-ஆம் ஆண்டில் கிளாஸ்கோ விஞ்ஞானிகள் கண்டனர். ஒரு பறவை வைரஸ் மனிதருலகின் எல்லையை எவ்வளவு நெருங்கிவிட்டது என்பதை அளக்க இவை நமக்குக் கிடைத்துள்ள அளவுகோல்கள்.

இந்தியாவின் நிலை

இவை நமக்கு அயல்நாட்டுச் செய்திகள் அல்ல. 2006-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூர் கோழிப்பண்ணைகளில் எச்5என்1 முதன்முதலாக நம் நாட்டில் காணப்பட்டது. 2014-ஆம் ஆண்டில் கேரளத்தின் குட்டநாட்டு வாத்துகளிடையே பரவியது. 2021-ஆம் ஆண்டில் டெல்லி மருத்துவமனையில் 11 வயதுச் சிறுவன் ஒருவன் இதற்குப் பலியானான். 2024-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அமெரிக்காவில் கறவை மாடுகளிடத்தே இவ்வைரஸ் கண்டறியப்பட்டது. கோடிக்கணக்கான குடும்பங்கள் கறவை மாட்டை நம்பி வாழும் நாட்டுக்கு இது கவலை தரும் செய்தியாகும்.

இங்கும் உயிரணுவின் காவல் பற்றிய அறிவு வழிகாட்டும். கோழியிடம் ரிக்-ஐ என்னும் காவலன் இல்லை, வாத்திடம் உண்டு. 2010-ஆம் ஆண்டில் தெரியவந்த இவ்வுண்மை, கோழிகளைக் கூட்டங்கூட்டமாகச் சாய்க்கும் வைரஸ்களுட் பலவற்றை வாத்துகள் தாங்கிக்கொள்வதற்கு ஒரு காரணமாகும். நோயின் அறிகுறி இன்றி வைரஸைச் சுமக்கும் வாத்து, வயல் விட்டு வயல் மாறும்போது வைரஸும் உடன் செல்கிறது. பறவைகள் மாண்டபின் விழித்துக்கொள்ளும் கண்காணிப்பு, காலந்தாழ்ந்த இன்டர்பெரானை ஒத்தது.

செய்ய வேண்டியவை

இக்காரணங்களால் மூன்று கருத்துகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, நோயாளியிடமிருந்தோ பறவையிடமிருந்தோ பெறும் வைரஸின் எட்டுத் துண்டுகளையும் முழுமையாகப் படிப்பது வழக்கமாக வேண்டும். படித்தால் மட்டும் போதாது. என்.எஸ்.1, என்.பி. ஆகியவற்றில் காணும் மாற்றங்கள் மனித உயிரணுவின் காவலை எவ்வாறு பாதிக்கின்றன என்பதைச் சோதித்து, அம்முடிவை மேற்பரப்புப் புரதங்களின் அறிக்கையோடு சேர்த்தே வெளியிட வேண்டும். புனேயில் 1952-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற தேசிய வைரஸ் ஆராய்ச்சி நிலையமும், போபாலில் விலங்குகளின் கொடிய நோய்களை ஆராயும் நிலையமும் நம்மிடம் உள்ளன. மனிதரிடத்துப் பெற்ற வைரஸும் விலங்கிடத்துப் பெற்ற வைரஸும் ஒரே அட்டவணையில் அருகருகே வைத்துப் படிக்கப்பட வேண்டும். வைரஸ் இலாகாப் பிரிவினையை அறியாது.

இரண்டாவது, சோதனைக்கு ஏற்ற உயிரணுக்களையும் விலங்குகளையும் தெரிந்தெடுப்பதில் கவனம் தேவை. சோதனைச்சாலைகளில் வழக்கமாக வளர்க்கப்படும் சுண்டெலி இனங்களிற் பெரும்பாலானவற்றில் எம்.எக்ஸ். ஜீன் பழுதுபட்டுள்ளது. தடுப்பூசி வைரஸ்களை வளர்க்கப் பெரிதும் பயன்படும் வீரோ உயிரணுக்கள் இன்டர்பெரானை உற்பத்தி செய்வதில்லை. இன்புளுயென்சா வைரஸை வளர்க்கப் பயன்படும் நாயின் சிறுநீரக உயிரணுக்களில் உள்ள எம்.எக்ஸ். புரதமோ இவ்வைரஸைத் தடுக்க வல்லதன்று. வைரஸை ஏராளமாக வளர்ப்பதற்கு இக்குறைகள் அனுகூலமே. ஆனால், ஒரு வைரஸின் கொடுமையையோ ஒரு மருந்தின் திறனையோ இவற்றைக்கொண்டு மட்டும் முடிவு செய்வது, காவலனில்லாத வீட்டில் பூட்டைச் சோதிப்பதற்கு நிகராகும். மனித மூச்சுக்குழலின் உயிரணுக்களை வளர்த்துச் சோதிக்கும் முறை நம் ஆராய்ச்சிச்சாலைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் பரவ வேண்டும்.

மூன்றாவது, இவ்வறிவை மருந்தாகவும் தடுப்பூசியாகவும் மாற்றுவதில் ஊக்கத்தோடு நிதானமும் வேண்டும். இன்டர்பெரானையே மருந்தாகத் தந்தால் என்ன என்று கேட்பது இயல்பே. ஆனால், காய்ச்சலின்போது நாம் உணரும் உடல்வலியும் சோர்வும் பெருமளவு இன்டர்பெரானின் விளைவுகளே. அதனை ஊசி மூலம் பெற்றவர்க்கும் அவை தோன்றுகின்றன. நோய் முற்றிய நிலையில் அது வீக்கத்தை மிகுவிக்கவும் கூடும். ஆகவே, காவலனை மிகையாகக் கூவச் செய்வதைவிட, அவன் வாயை அடைக்கும் என்.எஸ்.1-இன் கையை விலக்கும் மருந்தைத் தேடுவது அறிவுடைமை. என்.எஸ்.1-ஐக் குறுக்கி வலுவிழக்கச் செய்த உயிருள்ள வைரஸ் நல்ல தடுப்பூசியாகும் என்னும் எண்ணமும் நியாயமானதே. ஆயினும் 2010-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் பன்றிகளுக்கு அத்தகைய தடுப்பூசி அளிக்கப்பட்டபோது, தடுப்பூசி வைரஸ் வெளியில் உலவும் வைரஸ்களோடு துண்டுகளைப் பரிமாறிக்கொண்டது பின்னர் வெளிப்பட்டது. எட்டுத் துண்டுகளாகப் பிரிந்திருக்கும் வைரஸிடம் இந்த ஆபத்து என்றும் உண்டு.

ஒரு மறுப்புக்கு விடை

தடுப்பூசியே இன்னும் நம் மக்களுட் பெரும்பாலோரை எட்டாதிருக்கையில், இத்தகைய நுண்ணிய ஆராய்ச்சிக்குப் பொருள் செலவிடுவது தகுமா என்று சிலர் வினவக்கூடும். வினா நேர்மையானது. முதியோர்க்கும், கருவுற்ற தாய்மார்க்கும், நீடித்த நோயுடையோர்க்கும் தடுப்பூசி கிடைக்கச் செய்வது முதற்கடமை என்பதை யாரும் மறுக்கார். ஆனால், இவ்விரண்டும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. வைரஸின் மேலாடையைப் படிப்பதற்கெனப் பெற்ற அதே மாதிரியிலிருந்தே எஞ்சிய துண்டுகளையும் படிக்கலாம். நோயாளியிடம் மறுமுறை செல்ல வேண்டியதில்லை. எல்லா வைரஸ்களையும் உயிரணுக்களில் சோதிக்க வேண்டும் என்றும் நாம் கூறவில்லை. வழக்கத்துக்கு மாறான கொடுமை காட்டுவனவும், விலங்கிலிருந்து மனிதரைத் தொட்டனவும் சோதிக்கப்பட்டால் முதற்படிக்குப் போதும்.

இவ்வறிவு மருத்துவருக்கும் பொதுமக்களுக்கும் நேரடியாகச் சொல்லும் செய்தியும் ஒன்றுண்டு. வைரஸ் திருடுவது காலத்தையே என்பதால், நாமும் காலத்தையே காக்க வேண்டும். ஓசெல்டமிவிர் போன்ற மருந்துகள் நோய் தோன்றிய 48 மணி நேரத்துக்குள் தொடங்கப்பெற்றால் மிகுந்த பயன் தருகின்றன. மூச்சுத்திணறல் கண்டபின் மருத்துவமனைக்கு ஓடுவதைவிட, ஆபத்துக்கு உரியவர்கள் காய்ச்சலின் முதல் நாளிலேயே மருத்துவரை நாடுவது நலம். பாக்டீரியாவைக் கொல்லும் மருந்துகளை இன்புளுயென்சாவுக்கு விழுங்குவதாற் பயனில்லை.

1957-ஆம் ஆண்டில் கப்பலிற் காய்ச்சல் சென்னைக்கு வந்தபோது, உயிரணுவின் அபாய அறிவிப்பு என்பது மில் ஹில்லின் கண்ணாடிக் கிண்ணங்களில் அப்போதுதான் கேட்கத் தொடங்கிய மெல்லிய ஓசையாக இருந்தது. இன்று அவ்வோசையின் பொருளை நாம் பெருமளவு அறிவோம். அதனை அடக்கும் புரதத்தின் ஒவ்வோர் எழுத்தையும் படிக்க வல்லோம். அறிந்தவற்றைக் கண்காணிப்பில் பயன்படுத்தாது விடுவோமாயின், அடுத்த கொள்ளைநோயின்போது அறியாமையைக் காரணங்காட்ட நமக்கு உரிமை இராது. வைரஸின் ஆடையைப் பார்க்கும் கண்களே அதன் கைகளையும் பார்க்கட்டும்.